ஒரு குழாய் எச்சில்

என் கணவருடைய அலுவலகத்தில் ஆரோக்கிய வாரம் என்று ஒன்று நடத்தினார்கள். முதல் நாள் இரத்த அழுத்தம், அடுத்த நாள் கண், கடைசி நாள் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. வானகரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அவர் முகம் கழுவப் போனார். நான் திறந்து பார்த்தேன். மூடியோடு இரண்டு சிறிய பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு விளக்கத்தாள். எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுவைப் படித்து, நமக்கு என்னென்ன நோய் வர வாய்ப்பிருக்கிறது, முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள், உலகத்தில் வேறு யார் யார் நமக்குச் சொந்தம் என்றெல்லாம் சொல்வார்களாம்.

“எனக்குச் சீனி இருக்குன்னு தெரியதுக்கு எச்சில் துப்பணுமாக்கும்? நீயே வச்சுக்கோ,” என்றார் அவர். திருநெல்வேலிக்காரர். பெண் பார்க்கும்போது ஜாதகத்தின் நகலைத் தரகரிடம் கொடுக்கவே அவர் வீட்டில் யோசித்தார்கள்.

எனக்கு ஆசையாக இருந்தது. என் அப்பா அறுபத்திரண்டு வயதில், முன்னறிகுறி எதுவும் இல்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. அக்காவும் நானும் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்பாவின் நினைவுதான் வரும். முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்காமல், காபி குடிக்காமல், குழாயில் போட்டிருந்த கோடு வரைக்கும் துப்பினேன். பார்க்கச் சிறிதாக இருந்தாலும் அது நிறைய நேரம் பிடித்தது. மூடியைத் திருகியதும் அதிலிருந்த நீலத் திரவம் இறங்கிக் கலந்தது. பிறகு கைப்பேசியில் பதிவு செய்யச் சொன்னது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் அனுப்பும் சான்றிதழில் ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் சரக்கை இறக்க விடமாட்டேன். அப்படிப்பட்ட நான், முப்பது பக்கத்துக்குக் குறையாத அந்த நிபந்தனைகளைக் கட்டைவிரலால் சர்ரென்று கீழே தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த மூன்று கட்டங்களிலும் டிக் போட்டேன். விதிமுறைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். என் உறவினர்களை எனக்குக் காட்டவும், என்னை அவர்களுக்குக் காட்டவும் அனுமதிக்கிறேன்.

முழுப் பெயரையும் கொடுத்தேன். புகைப்படமும் ஏற்றினேன்.

இரண்டாவது குழாயை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அக்காவுக்கு ஒரே பிள்ளை. ஆவடியில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்வருகிறான். புதிதாக எது வந்தாலும் கையில் எடுத்துப் பார்க்கும் குணம். அப்பாவின் திதிக்கு நாங்கள் எல்லாரும் பாரிவாக்கத்தில் அம்மா வீட்டில் கூடியிருந்தபோது, அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்தேன். அக்கா அப்போது பின்கட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரத்தில் என் அறிக்கை வந்தது. நான் தென்னிந்தியாவைச் சேர்ந்தவளாம். தலைமுறை தலைமுறையாகப் பாரிவாக்கத்தில் நெல்லும் கீரையும் போட்ட குடும்பத்துக்கு இதைச் சொல்ல ஒரு ஆய்வகம் தேவைப்பட்டிருக்கிறது என்று கணவர் சிரித்தார். இதயம் பற்றி “சராசரியைவிடச் சற்று அதிகம்” என்று ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கும் இல்லை. உறவினர்கள் பக்கத்தில் எங்கெங்கோ இருக்கிற, எட்டாம் தலைமுறையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய முகங்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, மதிய உணவு இடைவேளையில், கைப்பேசியில் ஒரு அறிவிப்பு வந்தது. “உங்களுக்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவர் கிடைத்திருக்கிறார்.” திறந்தேன். ஒரு பெண். படம் இல்லை. வயது பத்தொன்பது. என் மரபணுவில் கால்வாசி அவளிடமும் இருக்கிறதாம். அதற்குக் கீழே அவர்களே ஊகங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள்: அப்பாவோ அம்மாவோ மட்டும் ஒன்றாக உள்ள சகோதரி, உடன்பிறந்தவரின் மகள், பேத்தி.

அன்றைக்கே அவளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தியும் வந்தது. “வணக்கம். நாம் நெருங்கிய சொந்தம் என்று காட்டுகிறது. எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? தொந்தரவு என்றால் மன்னிக்கவும்.”

டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பேத்தி இருக்க முடியாது. உடன்பிறந்தவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு மகள் கிடையாது. அம்மா எங்கள் கண் முன்னாலேயே இருந்தவள். மிச்சம் இருந்தது அப்பா.

அப்பா ஒரு மினி லாரியில் கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். விடிவதற்கு வெகு முன்னால் கிளம்பிவிடுவார். மத்தியானம் திரும்புவார். சில நாள் அடுத்த நாள்தான் வருவார். லாரி ரிப்பேர் என்பார், லோடு இறங்கவில்லை என்பார். நாங்கள் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. இப்போது அந்த நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு இருபத்து மூன்று வயதில் இந்தப் பெண் பிறந்திருக்கிறாள். அது என் கல்யாணத்துக்கு முந்தின வருடம். அந்த வருடம் அப்பா ஏன் அவ்வளவு மெலிந்துபோனார்? புதுச் சட்டை எடுத்தாரே, யாருக்காக? பத்து நாளில் என் அப்பா எனக்கு வேறு ஆளாகிவிட்டார். கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கம் போனேன். அம்மா முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு காயை நார் உரித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“நைனா கோயம்பேட்டுல ராத்திரி தங்குனா எங்கம்மா தங்குவாரு?”

“இன்னாடி திடீர்னு? லாரிலதான் படுத்துப்பாரு.”

“எப்பவுமா?”

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “செத்தவரு மேல இப்ப இன்னா கேசு போடப் போற?” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு நின்றது.

இரண்டு நாள் கழித்து அம்மாவே போன் செய்தாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“யாராச்சும் வந்து இன்னாவாச்சும் சொன்னாங்களா? சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“யாரும் எதுவும் சொல்லலம்மா. சும்மாதான் கேட்டேன்.”

“சரி,” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. எழுபது வயதுக்காரியின் மனத்தில், புருஷன் போய் இத்தனை வருடம் கழித்து, நான் ஒரு முள்ளைச் செருகிவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை, நான் கம்பெனியில் இருந்தபோது, அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டாவது செய்தி. இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள். நான் பதில் எழுதாததற்குக் கோபம் இல்லை என்றும், எனக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கலாம் என்றும் ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா அப்பா போன வருடம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னார்களாம். அம்மாவுக்குக் கருமுட்டை உருவாகாத குறை. சென்னையில் ஒரு மருத்துவமனையில், முகம் தெரியாத ஒரு பெண் தானமாகக் கொடுத்த கருமுட்டையில் பிறந்தவளாம் அவள். “அந்தப் பெண் நீங்களா? அல்லது உங்கள் சகோதரியா? உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம். தெரிந்துகொள்ள மட்டும்தான் கேட்கிறேன்.”

அதை மூன்று தடவை படித்தேன். முதலில் வந்தது நிம்மதி. அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண் நானில்லை. அப்படியென்றால் அக்கா.

அடுத்த நொடி அந்த இரண்டாவது குழாய் ஞாபகம் வந்தது. எழுந்து கம்பெனி வாசலுக்கு ஓடி, வேப்பமரத்தடியில் நின்று அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

“டேய், நான் குடுத்தேனே அந்தப் பெட்டி, எங்க கீது?”

“அது போன வாரமே கொரியர்ல போட்டுட்டேன் சித்தி. ரொம்ப நாள் அலமாரிலயே கெடந்துச்சு. ஏன், உனக்கு ராஜ பரம்பரைன்னு வந்துச்சா?”

“ஒண்ணுமில்லடா. சும்மாதான்,” என்றேன். அவனுடைய எச்சில் ஆய்வகத்துக்குப் போய்விட்டது. இன்னும் நான்கு, ஐந்து வாரத்தில் அவன் கைப்பேசியிலும் ஒரு அறிவிப்பு வரும். ஒரே அம்மாவுக்குப் பிறந்த தங்கை என்று அதில் இருக்கும்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஆவடி போனேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணி எடுக்கவேண்டும் என்று சொல்லி அக்காவை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கைப்பேசியில் அந்தச் செய்தியைத் திறந்து தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

அக்கா கொடியில் இருந்த மாமாவின் வேட்டியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். “யாருக்கும் தெரியாதே.”

எச்சில் கதையைச் சொன்னேன். உறவுக்காரர்களைக் காட்டும் என்று சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வேட்டியோடு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவின் கை கம்பெனியில் பிரஸ் இயந்திரத்தில் மாட்டி அவர் எட்டு மாதம் வீட்டில் கிடந்த வருடம் அது. அக்கா அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். கருமுட்டை கொடுத்தால் பணம் தருவார்கள் என்று சொல்லி, கூட வேலை செய்த ஒருத்தி அவளை அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி. வீட்டில் சத்து ஊசி என்று சொல்லியிருக்கிறாள். கடைசி நாள் மயக்கம் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். சாயங்காலமே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சமைத்திருக்கிறாள். புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்களாம். அதை வேறு யாரோ ஒரு ஆள் போட்டானாம்.

“உன் பேரு எங்கயும் வராது, அவங்க பேரு உனக்குத் தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதப் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குனாங்க. நான் இத்தினி வருஷம் அந்த ஒரு காகிதத்த நம்பிக்கினு கீறேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ எதுல கையெழுத்து போட்டியோ, அதுல என்னையும் சேத்து எழுதிக் குடுத்துட்டியேடி. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

என் எச்சில், என் விருப்பம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குள் அவள் இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார் என்று யோசிக்கவில்லை. மகனுடைய குழாயைப் பற்றி வேறு இன்னும் சொல்லவில்லை. சொன்னேன்.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “எப்ப வரும்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க, டிக் போடும்போது படிக்காமல் விட்டதையெல்லாம் அலுவலக மேசையில் உட்கார்ந்து படித்தேன். எல்லாமே எழுதித்தான் வைத்திருந்தார்கள். கம்பெனி கைமாறினால் தகவலும் வாங்குகிறவர்களுக்குப் போகும். சட்டப்படி கேட்டால் அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள். ஆராய்ச்சிக்கு ஏற்கனவே கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. “நீங்கள் எதிர்பார்க்காத உறவுகள் உங்களுக்குத் தெரியவரலாம்” என்றுகூட ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாடிக்கையாளர் சேவையில் எழுதிக் கேட்டேன். என் கணக்கை நான் அழிக்கலாம், ஆனால் அக்கா மகனுடையதை அவன்தான் நிறுத்த முடியும் என்றார்கள். நியாயம்தான். வேறொருவர் சொல்லி நிறுத்தினால் அது வேறு மாதிரித் தவறு. ஆனால் அப்போது அந்த நியாயத்தின் மேல் எரிச்சலாக வந்தது.

முதலில் பொய் சொல்லிப் பார்த்தேன். அவனைக் கூப்பிட்டு, அந்தக் கம்பெனியிலிருந்து தகவல் கசிகிறதாம், நிறுத்திவிடு என்றேன்.

“ஆதாருக்குக் கைரேகை குடுத்தாச்சு, கண்ண குடுத்தாச்சு. போன் நம்பர் ஊரு முழுக்கச் சுத்துது. எச்சில்ல மட்டும் இன்னா சித்தி பெரிய ரகசியம் கீது? வரட்டும், பாப்போம்,” என்று சிரித்தான். “ஆய்வகத்தில் பரிசோதனை நடக்கிறது” என்று காட்டுகிற திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியும் வைத்தான். அதை அக்காவுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் இரண்டு வேளை எனக்குப் போன் செய்வாள். “வந்துச்சா?” என்பாள். இல்லை என்பேன். வைத்துவிடுவாள். மகன் கைப்பேசி மணி அடிக்கும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்கிறாளாம். “இன்னாம்மா அப்படிப் பாக்குற?” என்று அவனே கேட்டுவிட்டானாம்.

பத்தாவது நாள் அவளே முடிவு செய்தாள். “அந்த எச்சில் டப்பா சொல்லி அவன் தெரிஞ்சிக்கக் கூடாது. நானே சொல்லிடறேன். உன் ஊட்டுக்குக் கூட்டினு வரேன். நீ கூட இரு.”

ஞாயிறு காலை என் கணவரைக் காய் வாங்க அனுப்பிவிட்டேன். அவரிடம் அக்கா குடும்பத்தில் ஒரு சிக்கல் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் மகனும் பைக்கில் வந்தார்கள். அக்கா சோபாவில் உட்காராமல் சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவனுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறான் போல, சிரித்துக்கொண்டே இருந்தான்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “உனக்கு அஞ்சு வயசு. உங்கப்பா கை அடிபட்டுக் கெடந்தாரு,” என்று தொடங்கி, மொட்டை மாடியில் எனக்குச் சொன்னதையே சொன்னாள். ஆனால் அழாமல் சொன்னாள். கடைசியில், “அதுல ஒரு பொண்ணு பொறந்திருக்குது. உன் எச்சில் ரிப்போர்ட்டு வந்தா அது உனக்குத் தங்கச்சின்னு வரும்,” என்றாள்.

அவன் முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனான். கீழே பைபாஸில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். அக்கா மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நான் காபி போடப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

திரும்பி வந்தான். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பாட்டிக்கு?”

“யாருக்கும் தெரியாது. இப்ப உனக்கும் சித்திக்கும்.”

கைப்பேசியை எடுத்து எங்கள் முன்னாலேயே உட்கார்ந்தான். பரிசோதனையை நிறுத்து. நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். மாதிரியை அழி. காரணம் கேட்டது. காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட முடியவில்லை. “பிற” என்று போட்டான். கணக்கை அழி. கடவுச்சொல், பிறகு ஓ.டி.பி. எல்லாம் முடிந்து, “உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, முப்பது நாட்களுக்குள் நிறைவேற்றப்படும்” என்று வந்தது.

“அழிச்சுட்டாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும் சித்தி?” என்று கேட்டான். தெரிந்துகொள்ள வழியில்லை என்றேன். அவன் தலையாட்டினான். பிறகு, அக்காவைப் பார்க்காமல் கேட்டான்.

“அது நெசமாவே எனக்குத் தங்கச்சியாம்மா?”

“எனக்குத் தெரியலடா,” என்றாள் அக்கா. அப்போதுதான் அழுதாள். அவன் எழுந்துபோய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அன்று மாலையே என் கணக்கையும் அழித்தேன். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் எழுதவேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் எழுதாமலே அழித்தேன். ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரிதான் இருந்தது. அக்காவுக்குச் செய்ததற்கு இதையாவது செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாரிவாக்கம் போய் அம்மாவிடம், “நைனா லாரிலதாம்மா படுத்தாரு, நான் சும்மாதான் கேட்டேன்,” என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் போயிருக்கும். வேலை தேடுகிறவர்களும் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் இருக்கிற தளம் ஒன்றில், எப்போதோ தொடங்கி மறந்துபோன என் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அவள்தான். கணக்கை அழிப்பதற்கு முன் பார்த்திருந்த என் முழுப் பெயரையும் படத்தையும் வைத்துத் தேடியிருக்கிறாள். நான் எந்தக் கம்பெனியில் எந்தப் பிரிவில் இருக்கிறேன் என்று அங்கே போட்டிருக்கிறது. அவள் நினைத்தால் அம்பத்தூரில் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நிற்கலாம். அவளால் முடிந்தால் யாராலும் முடியும்.

ஆனால் அவள் கேட்டது வேறு. “உங்களைத் தேடி வந்ததற்கு மன்னியுங்கள். இது ஒரு தடவைதான். என் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. அம்மா வழியில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதை மட்டும் சொன்னால் போதும்.”

அக்காவிடம் சொல்லாமல் மறைக்க முடியாது. இரண்டாவது தடவை அவளைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டேன். போனில் படித்துக் காட்டினேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், நேராக என் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை. பழைய மருத்துவச் சீட்டுகளையெல்லாம் கொண்டுவந்திருந்தாள். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“எழுது. நமக்கு மார்ல கட்டி யாருக்கும் இல்ல. அம்மாவுக்கு இல்ல, பெரியம்மாவுக்கு இல்ல, அம்மாவப் பெத்த ஆயாவுக்கும் இல்ல. அம்மாவுக்கு சக்கரை. நைனாவுக்கு நெஞ்சு. எனக்கு தைராய்டு, அது இருபத்தெட்டு வயசுல வந்துச்சு. கர்ப்பப்பைல சின்னக் கட்டி வந்து எடுத்தாங்க, அது நல்ல கட்டிதான், அதையும் எழுது.” ஒவ்வொன்றாகச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதைத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். “பேரு போடாத. எந்த ஊருன்னு போடாத. பயப்பட வேணாம்னு மட்டும் கடைசில போடு.”

அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. “மிக்க நன்றி. இனி எழுத மாட்டேன். அவரிடமும் சொல்லுங்கள்.” அக்கா சொன்னபடி, அதைப் படித்ததும் அந்தப் பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

இப்போது அக்காவும் நானும் பேசிக்கொள்கிறோம். ஆனால் முன்போல எல்லாவற்றையும் அவள் என்னிடம் சொல்வதில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இருவருமே எடுப்பதில்லை. அக்கா மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் விசாரிக்கிறார்கள் என்றாலே அக்காவுக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. மாமாவுக்கு இன்னும் தெரியாது. எங்கோ ஒரு ஆராய்ச்சிக் கணினியில் என் மரபணுவும், அதற்குள் அம்மா, அப்பா, அக்காவின் பாதியும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா, அதைச் சொல்ல யாரும் இல்லை.

போன வாரம் போனில், அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அக்கா, நடுவில் நிறுத்தினாள்.

“அந்தப் பொண்ணுக்கு கட்டி இன்னா ஆச்சுன்னு எதுவும் தெரியலையா?”

“தெரியலக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டேனே.”

“ஆமா, நான்தான் சொன்னேன்,” என்றாள். பிறகு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டாள்.